விருப்பம் அறியும் வானொலி

எங்கள் வீட்டில் இப்பொழுது ஐந்து பேர் வசிக்கின்றோம். ஐந்து வானொலிகள் ஒலிக்கின்றன. ஆயினும் அவற்றுள் ஒன்றன் ஓசையும் வெளியே கேட்பதில்லை. மருமகள் சமையலறையில் ஒன்றைக் கேட்கிறாள். மகன் கந்தோருக்குப் போகும் வழியில் ஒன்றைக் கேட்கிறான். பேரப்பிள்ளைகள் இருவரும் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெவ்வேறாகக் கேட்கின்றனர். எல்லாம் கைத்தொலைபேசியிலிருந்து காதுக்கு நேரே செல்லும் ஒலி. யார் எதைக் கேட்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு நாள் பேர்த்தி என்னருகே வந்தமர்ந்து, "அப்பப்பா, உங்களுக்குப் பிடித்ததை மட்டும் தருகின்ற வானொலி ஒன்றை அமைத்துத் தரட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு நாதஸ்வர இசையில் விருப்பம் அதிகம். அதைச் சொன்னேன். அவள் அதை எழுதிக் கொடுத்ததும் கருவி பாடத் தொடங்கியது. ஒன்று முடிந்ததும் அதனை ஒத்த இன்னொன்று. அது முடிந்ததும் மற்றொன்று. முதல் வாரம் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டாம் வாரம் கேட்டவையே திரும்பி வந்தன. மாதம் ஒன்று சென்றதும் சலிப்புத் தட்டிவிட்டது.

"பிள்ளை, இதற்கு வேறொன்றும் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் வேறொன்றும் அதற்குச் சொல்லவில்லையே, அப்பப்பா" என்று அவள் சிரித்தாள்.

சிறுபிள்ளையின் அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. நம் விருப்பத்தை அறிந்து நிகழ்ச்சி தரும் இந்த இணைய வானொலி அவ்விருப்பத்தை எவ்வாறு அறிகின்றது? அது அறியாதது யாது? நமக்கு ஏற்ற நல்ல நிகழ்ச்சிகளை அதன் மூலம் தேடிக்கொள்வது எப்படி? இவற்றைக் குடும்பத்திலுள்ளோர் யாவரும் அறிந்துகொள்வது நன்று.

ஒரு பெட்டியும் ஒரு வீடும்

நான் சிறுவனாயிருந்த 1950களின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வானொலிப் பெட்டி. வளவில் நின்ற இரண்டு பனைகளுக்கிடையே ஏரியற் கம்பி கட்டியிருந்தது. திருகியவுடன் ஒலி வராது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருக்கவேண்டும். அந்தப் பெட்டிக்கு எசமானர் ஐயா. செய்தி அவருக்குரியது. கதாப்பிரசங்கம் ஆச்சிக்குரியது. நாடகம் அம்மாவுக்கும் அயல்வீட்டுப் பெண்களுக்கும். சினிமாப் பாட்டு அண்ணனுக்கு. கடைக்குட்டியாகிய எனக்கென்று தனி நேரம் எதுவும் இல்லை.

ஐயாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். அது தொடங்கியதும் வீட்டில் எவரும் பேசக்கூடாது. எனக்கோ அது பெருந்தண்டனை. 'எப்பொழுது முடியும், அண்ணனுடைய பாட்டு எப்பொழுது வரும்' என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பேன். அவ்வாறு முகஞ்சுளித்துக் கேட்ட பையன்தான், இன்று எழுபது வயதைத் தாண்டியபின், "எனக்கு நாதஸ்வரம் வேண்டும்" என்று இயந்திரத்திடம் கேட்கிறான். அன்று என் விருப்பத்தை மட்டும் அறிந்த பெட்டி ஒன்று என் கையில் இருந்திருக்குமானால், இந்த இசை என் காதில் விழுந்தே இராது.

தபாலட்டையில் வந்த விருப்பம்

நேயர்களின் விருப்பத்தை அறிய முயல்வது புதிய வழக்கமன்று. இலங்கையில் 1923ஆம் ஆண்டிலேயே தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் என்பவர் இசைத்தட்டுகளைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 'றேடியோ சிலோன்' என்று பெயர்பெற்ற அந்நிலையம் 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. வர்த்தக சேவைக்கு விளம்பரதாரர் வேண்டும். விளம்பரதாரருக்கு நேயர்களின் தொகை தெரியவேண்டும். அதனைத் தெரிவித்தவை கடிதங்களும் தபாலட்டைகளுமே.

1952இல் இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, அந்நாட்டு மக்கள் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பினர். அவ்வாண்டில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பாயிற்று. அறிவிப்பாளர் அமீன் சயானி. முதல் நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்கள் 9,000 என்றும், பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை உயர்ந்தது என்றும் சொல்வர். இசைத்தட்டுகள் விற்ற கணக்கையும், நேயர் சங்கங்கள் எழுதியனுப்பிய வாக்குகளையும் சேர்த்துப் பார்த்துப் பாடல்களுக்கு வரிசை இட்டனர். இன்று இயந்திரம் செய்யும் வேலையை அன்று மனிதரே கடிதக் குவியலுக்கு நடுவே இருந்து செய்தார்கள் எனலாம்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அன்று ஒருவர் விரும்பிக் கேட்ட பாட்டை எல்லாருமே கேட்டனர். மட்டக்களப்பில் எவரோ தம் தங்கையின் பிறந்தநாளுக்கு விரும்பிய பாட்டு யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையிலும் ஒலித்தது. இன்றோ ஒருவரின் விருப்பம் அவரவர் காதோடு முடிந்துவிடுகிறது.

இயந்திரம் அறியும் இரண்டு வழிகள்

கணினி மூலம் விருப்பத்தை அறிவதற்குச் செய்த முயற்சிகளுள் 'ரிங்கோ' முற்பட்ட ஒன்று. 1994இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உபேந்திர சர்தானந், பாற்றி மேஸ் ஆகிய இருவர் அதனை உருவாக்கினர். நேயர் மின்னஞ்சலில் எழுதுவார்; பாடகர், இசைக்குழுவினரின் பெயர்ப் பட்டியல் ஒன்று அவருக்கு வரும்; ஒவ்வொரு பெயருக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிட்டுத் திருப்பி அனுப்புவார். அவரைப்போலவே புள்ளியிட்ட வேறு நேயர்களைக் கணினி தேடிப் பிடித்து, அவர்கள் விரும்பியவற்றுள் இவர் கேளாதவற்றை இவருக்குச் சொல்லும். பழைய தபாலட்டை மின்னஞ்சலாக மாறிய காலம் அது.

இம்முறையை ஓர் உவமையால் விளக்கலாம். உமக்கும் உம்முடைய அயலவருக்கும் கத்தரிக்காய்க் குழம்பு, ஒடியற்கூழ், பிட்டு ஆகிய மூன்றும் பிடிக்கும். அவர் நேற்றுப் புதிதாக ஒரு பலகாரத்தை உண்டு மகிழ்ந்தார். அது உமக்கும் பிடிக்கலாம் என்று எண்ணுவது இயல்பன்றோ? பலகாரத்தில் என்ன மாவு, என்ன எண்ணெய் என்பது இயந்திரத்துக்குத் தெரியவேண்டியதில்லை. உண்டவர் யார், மகிழ்ந்தவர் யார் என்பது தெரிந்தால் போதும்.

இங்கிலாந்தில் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்து மாணவர் ரிச்சட் ஜோன்ஸ் இதனை இன்னும் எளிதாக்கினார். அவர் அமைத்த 'ஓடியோஸ்குரொப்ளர்' என்ற ஏற்பாடு, ஒருவர் தம் கணினியிற் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் தானாகவே குறித்து வைத்தது. நேயர் புள்ளி இடவேண்டிய தொல்லையும் இல்லாமற் போயிற்று. இலண்டனில் 2002இல் தொடங்கிய 'லாஸ்ற் எவ்.எம்.' என்னும் இணைய வானொலியுடன் அது 2005இல் இணைந்தது. அவ்வானொலியின் இசை ஒலிபரப்பு 2014இல் நின்றுவிட்டது. எனினும் கேட்டவற்றைக் குறித்து வைக்கும் பணியை அந்நிறுவனம் இன்றும் செய்துவருகிறது.

மற்றைய வழி, பாட்டையே பகுத்துப் பார்ப்பது. ரிம் வெஸ்ரகிறென் என்ற பியானோக் கலைஞரும் அவருடைய நண்பர்கள் இருவரும் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற இசைவாணர் ஒருவர் ஒரு பாட்டைக் கவனமாகக் கேட்பார். தாளம் எத்தகையது, குரல் கரகரப்பானதா மென்மையானதா, எந்த வாத்தியம் முன்னிற்கிறது என்பன போல ஏறத்தாழ 450 இயல்புகளை நோக்கி மதிப்பிடுவார். ஒரு பாட்டுக்கே 20 முதல் 30 நிமிடம் செல்லும். இடையே பணம் தீர்ந்துபோய், ஊழியர் பலர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சம்பளம் இல்லாமலே உழைத்தனர். 2004இல் முதலீடு கிடைத்தது. 2005இல் 'பண்டோரா' என்ற இணைய வானொலி பிறந்தது. நேயர் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் அதன் இயல்புகளை ஒத்த பாட்டுகளை அது தொடுத்துத் தரும். பிடித்தால் பெருவிரலை உயர்த்திய குறி. பிடிக்காவிட்டால் தாழ்த்திய குறி.

பாட்டுரிமைச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், 2007இல் அவ்வானொலி பெரும்பாலான வெளிநாட்டு நேயர்களுக்குக் கதவை அடைத்தது. இன்று அது அமெரிக்க நாட்டுக்குள் மட்டுமே கேட்கத்தக்கது. ஆயினும் இவ்விரு வழிகளும் பரவிவிட்டன. இலங்கையில் 2021 முதல் கிடைக்கும் 'ஸ்பொற்றிபை' என்ற இசைச் சேவை, 2015இலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் நேயருக்கு 30 பாட்டுகளைத் தனித்தனியே தேர்ந்து கொடுக்கின்றது. அத்தகைய சேவைகள் அயலவரின் விருப்பத்தையும் பாட்டின் இயல்பையும் கலந்தே பார்க்கின்றன.

எங்கே இடறுகின்றது?

இவ்வளவு திறமை வாய்ந்த இயந்திரம் எனக்கு ஏன் சலிப்பைத் தந்தது? காரணங்கள் இரண்டு.

முதலாவது, அது நேற்றைய என்னை மட்டுமே அறியும். நான் கேட்டதைக்கொண்டே கேட்கப்போவதை ஊகிக்கின்றது. நான் கேளாத ஒன்று எனக்குப் பிடிக்குமா என்பதற்கு அதனிடம் சான்று மிகக் குறைவு. அதனிடத்திலும் பெரிய பிழை என்னுடையது. நான் எதையும் தள்ளவுமில்லை, புதிதாகத் தேடவுமில்லை. சாய்வுநாற்காலியிற் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நான் உறங்கியதைக்கூட அது என் விருப்பம் என்றே கணக்கில் எழுதியிருக்கும்!

இரண்டாவது, பலர் சென்ற வழியே பாதையாகிவிடுகின்றது. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் மூவர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதனைத் தெளிவாக்கும். பெயர் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தனர். 14,000 பேருக்கு மேல் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் பாட்டுகளை மட்டும் கண்டனர். ஏனையோரை எட்டுக் குழுக்களாக்கி, தத்தம் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டனர் என்ற தொகையையும் காட்டினர். தொகையைக் கண்டவர்களிடையே முன்னிற்கும் பாட்டுகள் மேலும் முன்னேறின. பின்தங்கியவை மேலும் பின்தங்கின. அதுமட்டுமன்று, எந்தப் பாட்டு முதலிடம் பெறும் என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. மிக நல்லவை அடியோடு தோற்பதும் மிக மட்டமானவை வெல்வதும் அரிது. ஆனால் இடைப்பட்ட பெரும்பாலானவற்றின் தலைவிதியை முதலிற் கேட்டவர்களே பெரிதும் எழுதிவிட்டனர்.

இது நம்போன்ற சிறு மொழிக் கூட்டத்தாருக்கு முக்கியமான செய்தி. கோடிக்கணக்கானோர் கேட்கும் சினிமாப் பாட்டுக்கு இயந்திரத்திடம் சான்று மலைபோல் உண்டு. ஈழத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்புக்கோ, அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கோ, நம் நாட்டு வானொலி நாடகம் ஒன்றுக்கோ அத்தனை சான்று இராது. கேட்போர் குறைவாதலால் அது முன்வைப்பதில்லை. முன்வைக்காமையினாற் கேட்போர் இன்னும் குறைகின்றனர். இந்தச் சுழலை உடைக்க வல்லவர் கேட்போரே. நாம் பெயர் சொல்லித் தேடிக் கேட்கும் ஒவ்வொரு முறையும், நமக்குப் பின்னே வரும் ஒருவருக்கு வழி திறக்கின்றது.

உலகப் பந்தைச் சுற்றிப் பார்த்தல்

இயந்திரத்தின் ஊகத்தை நம்பாமல் நாமே தேடிச் செல்லும் வழியும் உண்டு. ஒல்லாந்து நாட்டில் ஒலி, காட்சிப் பதிவுகளைக் காக்கும் நிறுவனத்தின் ஆதரவில் 2016 டிசெம்பரில் 'றேடியோ கார்டன்' என்ற ஏற்பாடு வெளியாயிற்று. திரையிற் பூமியுருண்டை தோன்றும். அதன்மேல் பச்சைப் புள்ளிகள் மினுங்கும். ஒவ்வொரு புள்ளியும் வானொலி நிலையம் உள்ள ஓர் ஊர். உருண்டையை விரலால் உருட்டி ஒரு புள்ளியில் நிறுத்தினால், அந்த ஊரில் அந்த வேளையில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி கேட்கும். உம்முடைய விருப்பம் யாதென்று அது கேட்பதில்லை. பிரித்தானியாவில் 2022 முதல், உரிமைச் சிக்கலால், வெளிநாட்டு நிலையங்களை அதிற் கேட்க இயலாமற் போயிற்று.

முதன்முறை இதைத் திறந்தபோது எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஐயா உறங்கியபின் அண்ணனும் நானும் சிற்றலை முள்ளை மெல்ல மெல்லத் திருப்பி, கரகரப்புக்கிடையே புரியாத பாஷைகளைப் பிடித்த இன்பம் அதுவே. இப்பொழுது கரகரப்பு இல்லை. ஆச்சரியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கேட்போர் செய்யத்தக்கவை

பேர்த்தியிடம் கற்றவற்றையும் நானே பட்டறிந்தவற்றையும் வாசகர்களுக்குச் சொல்லுகிறேன்.

பெயரைப் பல எழுத்தில் தேடுங்கள். 'தெட்சணாமூர்த்தி' என்றும் 'தட்சிணாமூர்த்தி' என்றும் எழுதுவோம். ஆங்கில எழுத்தில் இன்னும் பலவாறு எழுதுவர். இயந்திரம் சிலவேளை இவற்றை வெவ்வேறு ஆட்களாகவே எண்ணிக்கொள்ளும். ஒரு பெயரில் இல்லையென்றால் உலகில் இல்லையென்று முடிவு செய்யவேண்டாம்.

பிடித்ததற்குக் குறியிடுங்கள், பிடிக்காததைத் தயங்காமற் தள்ளுங்கள். அதற்கு மனம் நோகாது. பேசாமல் இருப்பதையும் அது சம்மதம் என்றே கொள்ளும்.

ஒரு கருவியில் ஒரு கணக்கை வைத்துக் குடும்பம் முழுவதும் கேட்டால் இயந்திரம் தடுமாறும். தாலாட்டுக் கேட்கும் குழந்தையும் செய்தி கேட்கும் பாட்டனும் அதற்கு ஒரே ஆளாகத் தெரிவர். இயலுமானால் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாளாயினும் பழகிய பட்டியலை விட்டு வெளியே செல்லுங்கள். அறியாத ஊரின் நிலையம் ஒன்று, அறியாத வாத்தியம் ஒன்று, மாணவராயின் கற்கும் மொழியில் ஓர் உரை. ஒரு மொழியைக் காதால் பழகுவதற்கு அந்நாட்டு வானொலியைவிடச் சிக்கனமான ஆசிரியர் இல்லை.

செலவையும் கவனிக்கவேண்டும். விநாடிக்கு 128 கிலோபிற் வேகத்தில் வரும் ஒலிபரப்பை ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைற் செலவாகும். வேகத்தை 64 ஆகக் குறைத்தால் செலவும் பாதியாகும். பேச்சு நிகழ்ச்சிக்கு அது போதும்.

நாம் எப்பொழுது விழிக்கின்றோம், எப்பொழுது உறங்குகின்றோம், எந்த மனநிலையில் எதைக் கேட்கின்றோம் என்பவற்றை இயந்திரம் குறித்து வைக்கின்றது என்பதையும் மறத்தலாகாது. வேண்டாத அனுமதிகளைக் கொடாதிருப்பதும், பழைய குறிப்புகளை இடைக்கிடை அழிப்பதும் நன்று. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

ஞாயிறு மாலை

இவை எல்லாவற்றையும் செய்தபின்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஐயா எனக்குச் செய்ததை எந்த இயந்திரமும் என் பேரப்பிள்ளைகளுக்குச் செய்யப்போவதில்லை. ஒருவருடைய விருப்பத்தை மற்றவர் காதில் விழச் செய்வது அதன் வேலையன்று.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சிறிய ஏற்பாடு செய்தோம். ஞாயிறு மாலை ஒரு மணித்தியாலம் காதுக் குமிழ்களைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பெட்டியில் ஒலிபரப்புவது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. அவர் தேர்ந்ததை மற்றவர்கள் இடையில் எழுந்து போகாமற் கேட்கவேண்டும். முதல் வாரம் பேரனின் முறை. அவன் கண்டெடுத்த மேளதாளங்களைக் கேட்டு நான் முகஞ்சுளித்தேன் என்பதை ஒளிக்காமற் சொல்லுகிறேன். இரண்டாம் வாரம் மருமகள் மலையகத்துப் பாட்டுகள் சிலவற்றைத் தேடிக் கொடுத்தாள். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு அவை பிடிக்கும் என்பதை நாங்கள் அறியவில்லை.

மூன்றாம் வாரம் என் முறை. தவிலும் நாதஸ்வரமும் வைத்தேன். பேர்த்தி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். தனியாவர்த்தனம் தொடங்கியபின் பார்க்கவில்லை. முடிந்ததும், "அப்பப்பா, தவில் வாசித்தவருடைய பெயர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். தன் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பள்ளியால் வந்தவள் நேரே என்னிடம் ஓடிவந்தாள். அவளுடைய வானொலி, அவள் கேளாமலே, தவில் வாசிப்பு இன்னொன்றை அவளுக்கு எடுத்து வைத்ததாம்.

"உங்கள் ஆள்தானோ என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு குமிழை என் காதிற் செருகினாள். மற்றையதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.